ஏணிப்பாறைக்கு அந்தப் பக்கம்

தேன்கல்மலை வன முகாம்
6.10.2025

மணிவேல் அவர்களுக்கு,

அருணாதேவி எழுதுகிறேன். நிச்சயம் முடிந்து ஒரு மாதம் ஆகியும் நான் போன் செய்யவில்லை என்று உங்கள் வீட்டில் தப்பாக நினைத்திருக்கலாம். இந்த மலையில் டவர் கிடையாது. ஒயர்லெஸ் இருக்கிறது. ஆனால் அதில் பேசினால் ரேஞ்சர் சார் முதல் ஜீப் டிரைவர் வரை எல்லோரும் கேட்பார்கள். அதனால் இந்தக் கடிதத்தைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுக்கலாம்.

நிச்சயத்தன்று எட்டு பேர் சுற்றி நிற்க நாம் பேசியது மொத்தம் நான்கு நிமிடம். அதில் ஒன்றே ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது. "மலை ஏறுவீங்களா?" என்று கேட்டேன். "பர்வதமலை மூணு வாட்டி ஏறியிருக்கேன்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். வனக் காப்பாளர் வேலை பார்க்கிற பெண்ணைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "காட்டுல பயமா இருக்காதா?" என்றுதான் கேட்டார்கள்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பொங்கலுக்குப் பிறகு பொதுமக்களுக்காக ஒரு வட்டப்பாதை திறக்கிறோம். ஏழு கிலோமீட்டர். முகாமில் தொடங்கி மூங்கில் காடு, ஓடை, அப்புறம் ஏணிப்பாறை. அங்கே இருபத்திரண்டு படியுள்ள இரும்பு ஏணி போட்டிருக்கிறோம். அதற்கு மேலே காட்சிமுனை. மேகம் இல்லாவிட்டால் அங்கிருந்து நம்ம அண்ணாமலையார் மலை தென்கிழக்கே முழுசாகத் தெரியும். பிறகு நெல்லி மரங்களுக்கு நடுவே மெதுவாக இறங்கி முகாமுக்கே வந்துவிடலாம். உண்ணிச்செடி வெட்டியது, பாறைகளில் மஞ்சள் அம்புக்குறி போட்டது எல்லாம் நானும் வாச்சர் வேடியப்பன் அண்ணனும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனை நடை நடத்துகிறோம். 26ஆம் தேதி வர முடியுமா? பர்வதமலை ஏறியவருக்கு இது ஒன்றுமே இல்லை.

அருணாதேவி


வேங்கிக்கால்
10.10.2025

அன்புள்ள அருணாதேவிக்கு,

பார்வை: தங்கள் கடிதம், நாள் 6.10.2025.

சிரிக்காதீர்கள். கலெக்டர் ஆபீஸ் தபால் பிரிவில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவனுக்குப் பேனாவை எடுத்தாலே இதுதான் வருகிறது. திங்கட்கிழமை மனு நாளில் முந்நூறு கடிதம் பிரிப்பேன். எனக்கென்று ஒரு கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. அதை வீட்டில் படிக்காமல் ஆபீஸ் மாட்டுக்கொட்டகை பின்னால் நின்று படித்தேன். (பழைய வண்டிகள் நிறுத்தும் இடம். நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.)

கட்டாயம் வருகிறேன். ஏழு கிலோமீட்டர்தானே. கிரிவலமே பதினான்கு. அம்மா ஒரு பௌர்ணமி விடாமல் வெறுங்காலில் சுற்றுகிறவள், அந்த ரத்தம்தான் எனக்கும். இருபத்திரண்டு படி என்ன, இருநூறு இருந்தாலும் பரவாயில்லை.

உங்களுக்குப் பிடிக்கும் என்று அம்மா அதிரசம் கொடுத்தனுப்புவாள். வேடியப்பன் அண்ணனுக்கும் சேர்த்து.

மணிவேல்


தேன்கல்மலை
28.10.2025

மணிவேல் அவர்களுக்கு,

அதிரசம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஏணியில் பதினோராவது படியில் கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் நின்றீர்கள். வேடியப்பன் அண்ணன் கீழே இருந்து ஏறி, உங்கள் காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து இறக்கிவிட்டார். பின்னால் ரேஞ்ச் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் கண்ணைத் திறந்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

பயந்ததற்கு எனக்குக் கோபமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரடியைப் பார்த்து நான் மரம் ஏறியிருக்கிறேன். கரடி மரம் ஏறும் என்பது உச்சிக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. பயம் எல்லோருக்கும் வரும்.

கீழே வந்ததும் "காலையில சாப்பிட்டது ஒத்துக்கல" என்றீர்கள். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். பர்வதமலையில் செங்குத்தாக ஏணியும், பாறையில் இரும்பை அறைந்து போட்ட கடப்பாரைப் படியும் இருக்கிறதே, அதை மூன்று முறை ஏறியவரா இப்படி நின்றார் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். கேட்ட முதல் கேள்விக்கே பொய் என்றால் மீதிக் கேள்விகளை நான் எப்படிக் கேட்பது?

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நீங்களும் யோசியுங்கள், நானும் யோசிக்கிறேன்.

அருணாதேவி


வேங்கிக்கால்
2.11.2025

அருணாதேவிக்கு,

பர்வதமலைக்கு நான் ஒரு தடவை போனேன். கல்லூரி நண்பர்களோடு. கடப்பாரைப் படி தொடங்கும் இடம் வந்ததும் "செருப்பு அறுந்துடுச்சு, நீங்க போங்கடா" என்று சொல்லிவிட்டுச் சுக்குக் காப்பிக் கடையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்தவர்களிடம் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு போட்டோவில் நடுவில் நின்றேன். அந்தப் போட்டோ எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா காட்டுவாள். பொய் முதலில் அவளிடம்தான் சொன்னேன். உங்களிடம் சொன்னது அதன் பழக்கத்தில்.

எனக்கு உயரம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம் போகமாட்டேன். தீபத்தன்று எல்லோரும் ஓரத்தில் நின்று மலையைப் பார்ப்பார்கள், நான் தண்ணீர்த் தொட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு பார்ப்பேன். முப்பத்தொரு வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் பொய்தான். அன்று காலை நான் சாப்பிடவே இல்லை, பயத்தில்.

வேடியப்பன் அண்ணன் என் காலை எடுத்து வைக்கும்போது, "அவசரம் இல்ல சார், ஏணி எங்கயும் போவாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று. ஏணிக்கு முன்னால் வரைக்கும் அந்தக் காடு எனக்குப் பிடித்திருந்தது. ஓடையைத் தாண்டும்போது நீங்கள் திரும்பிப் பார்க்காமலே "அந்தக் கல்லு ஆடும், அடுத்ததுல வைங்க" என்றீர்களே, அதை மறக்க முடியவில்லை.

நீங்கள் யோசித்து என்ன முடிவு எடுத்தாலும் சரி. நான் யோசித்துவிட்டேன். எனக்கு உங்களைத்தான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்.

மணிவேல்


தேன்கல்மலை
9.11.2025

மணிவேலுக்கு,

உங்கள் கடிதத்தை வேடியப்பன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன், கடைசி இரண்டு வரியைத் தவிர. சுக்குக் காப்பிக் கடை வந்ததும் சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவ்ளோ நல்லா எழுதற ஆளு கெட்டவரா இருக்க மாட்டாரும்மா" என்றார்.

நீங்கள் உண்மையை எழுதிய பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

நிச்சயத்தன்று உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் டவுனுக்கே மாத்தல் வாங்கிக்குவ இல்ல?" என்று கேட்டார்கள். நான் தலையாட்டினேன். அது பொய். இன்றுவரை நான் மாறுதல் மனு எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை. இந்தப் பாதை திறந்த பிறகு இரண்டு வருடம் அதை நடத்துகிற பொறுப்பை எனக்குத் தருகிறேன் என்றார் ரேஞ்சர் சார். சரி என்று கையெழுத்துப் போட்டேன், நிச்சயத்துக்கு நான்கு நாள் முன்னால்.

அத்தனை பேர் முன்னால் "மாட்டேன்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் பொய் இருபது நிமிடத்தில் வெளுத்துவிட்டது. என்னுடையது இரண்டு மாதமாக உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. உங்களை அப்படிக் கேள்வி கேட்க எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை.

இதை உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் வந்து சொல்லட்டுமா? தீபத்துக்கு எங்களையெல்லாம் மலைப் பாதுகாப்புக்கு அனுப்புகிறார்கள். டிசம்பர் 2 இரவு வந்து, 4ஆம் தேதி விடியற்காலை ஜீப்பில் திரும்ப வேண்டும். நடுவில் காவல் இடத்தை விட்டு நகர முடியாது, அதற்கு முன்னாலோ பின்னாலோதான் உங்கள் வீட்டுக்கு வர முடியும்.

அருணாதேவி


வேங்கிக்கால்
21.11.2025

அருணாவுக்கு,

பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. கோபம்தான் காரணம். முதல் மூன்று நாள் உங்கள் மேல். கல்யாணம் ஆகி நீங்கள் அங்கே, நான் இங்கே என்றால் வாரத்துக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்ளவா கல்யாணம் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது. அம்மாவிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன், காப்பி குடித்ததும் தைரியம் போய்விடும்.

ஆனால் வேறொன்று நடந்திருக்கிறது. சமீர் என்று என்னோடு பள்ளியில் படித்தவன். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கான்ட்ராக்ட் எடுக்கிறான். அவனிடம் என் கதையைச் சொன்னேன். "நாளைக்கு அஞ்சரைக்கு செங்கம் ரோடு வா" என்றான். ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு லாட்ஜ், நான்கு மாடி. சாரம் கட்டியிருந்தார்கள். முதல் நாள் முதல் தட்டில் ஏறி உட்கார்ந்தேன், தரையிலிருந்து ஆறடி. அவனுடைய ஆட்கள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். சமீர் சொன்னான்: "பயம் ஜாஸ்தி ஆனா ஜாஸ்தி அழுத்திப் புடிக்கிற. கை மரத்துப் போவுது, அப்புறம் இன்னும் பயம். கம்மியா புடி மச்சான். மூங்கில் உன்ன உட்டுட்டுப் போவாது."

நேற்று மூன்றாவது தட்டு வரை போனேன். கொஞ்சம் சுவருக்குப் பெயின்ட்கூட அடித்தேன். அதைத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும் என்றான். எதிர் கஃபேயில் காப்பி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கை தட்டினார். எதற்கென்று அவருக்கும் தெரியாது.

தீபத்தன்று நீங்கள் ஊரில் இருப்பீர்கள். நான் அன்றைக்குத் தேன்கல்மலை ஏறப் போகிறேன். நீங்கள் இல்லாதபோது ஏறினால்தான் முடியும். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் கால் கூடுதலாக நடுங்குகிறது, அது உயரத்தால் மட்டும் இல்லை. ரேஞ்சர் சாருக்கு முறைப்படி மனு அனுப்பி அனுமதி வாங்கிவிட்டேன். மனு எழுதுவது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

மணிவேல்


தேன்கல்மலை
28.11.2025

மணிவேலுக்கு,

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஓடையில் முழங்கால் வரை தண்ணீர். வேட்டியில் வராதீர்கள். அட்டை இல்லை, பயப்பட வேண்டாம். ஏணியில் ஏழாவது படி ஈரத்தில் வழுக்கும், அங்கே மட்டும் காலைக் குறுக்காக வையுங்கள். திரும்பும் பாதை இருட்டிவிடும், டார்ச் இரண்டு கொண்டு வாருங்கள். முகாமில் படுக்க இடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் கேள்வியை நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அந்தக் கடிதத்தைக் கிழித்திருக்க வேண்டாம். அதையும் படிக்க எனக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது தட்டு என்பது எத்தனை அடி? எழுதவே இல்லையே.

அருணா


வேங்கிக்கால்
5.12.2025

அன்புள்ள அருணாவுக்கு,

பதினெட்டு அடி. இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

கிளம்பும்போது அம்மாவும் பையை எடுத்துக்கொண்டு நின்றாள். தீபத்தன்று ஊரை விட்டுப் போகிறாயே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கல்யாணம் ஆகி வந்ததுலருந்து அதே மாடியில நின்னு பாக்கறேன். ஒரு வாட்டி தூரத்துல நின்னு பாத்துட்டு வரேன். அந்தப் பொண்ணு எங்க வேலை செய்யறான்னும் பாக்கணும்" என்றாள். நான் டார்ச் இரண்டையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். உங்கள் விஷயத்தை இன்னும் சொல்லவில்லையே.

மதியம் இரண்டு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். அம்மா முகாமிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். ஓடையில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். "அந்தக் கல்லு ஆடும்" என்று நான் சொன்னேன், உங்களைப் போலவே. "பாத்துக்கறேன் போடா" என்றாள்.

ஏணிப்பாறையில் முதலில் வேடியப்பன் அண்ணன், அப்புறம் அம்மா, கடைசியில் நான். ஐம்பத்தெட்டு வயது, அவள் பாட்டுக்கு ஏறிப் போய்விட்டாள். மேலே நின்று, "இதுல என்னடா இருக்கு, பரண்ல ஏறற மாதிரிதானே" என்றாள்.

பதினோராவது படியில் நின்றேன். அதே படி. கை இறுகியது. கம்மியாகப் பிடி என்று எனக்கு நானே சொன்னேன். கண்ணை மூடவில்லை. எதிரே பாறையில் நீ போட்ட மஞ்சள் அம்பு இருந்தது, பெயின்ட் ஒரு பக்கம் வழிந்து. சமீர் பார்த்தால் திட்டுவான் என்று தோன்றியது. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பன்னிரண்டு, பதின்மூன்று. மேலே போனதும் அப்படியே பாறையில் உட்கார்ந்தேன். அம்மா என் தலையைத் தடவி, "பர்வதமலையில இதைவிடப் பெருசுனு சொன்னியே" என்றாள். அப்போதுதான் அந்த உண்மையைச் சொன்னேன். "அந்த போட்டோவுல நீ மட்டும் வேர்க்காம நின்னப்பவே எனக்கு டவுட்டு" என்றாள்.

காட்சிமுனையில் கம்பியை ஒட்டி நின்றேன். ஒட்டி, அருணா. மழைக்குப் பிறகு ஏரி எல்லாம் நிறைந்து கண்ணாடித் துண்டு கிடக்கிற மாதிரி இருந்தது. சாலையில் பஸ் ஊர்ந்தது. தென்கிழக்கே நம்ம மலை, நீல நிறத்தில், தனியாக. இத்தனை வருடம் அதன் அடியிலேயே இருந்து அதன் முழு உருவத்தை நான் பார்த்ததில்லை.

வேடியப்பன் அண்ணன் அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் இனிமே அருணாம்மா பொறுப்புங்க. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாது, பாவம்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. மலையைப் பார்த்தபடியே, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா."

"அவளா சொன்னாளா, நீயா கண்டுபுடிச்சியா?"

"அவங்களா எழுதினாங்க."

வெளிச்சம் மங்கியது. சரியாக ஆறு மணிக்கு மலை உச்சியில் ஒரு பொட்டு தெரிந்தது. முதலில் நட்சத்திரம் என்று நினைத்தேன். அது அசையாமல் சிவந்தது. வேடியப்பன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா அழுதாள், சத்தம் இல்லாமல். நானும் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டேன். கம்பியை விட்டதே அப்புறம்தான் தெரிந்தது.

பையிலிருந்து அகல் எடுத்துப் பாறையில் ஐந்து விளக்கு ஏற்றினாள். தீ பரவாதா என்று வேடியப்பன் அண்ணன் பயந்தார், அதனால் எரிந்து முடியும் வரை காவல் இருந்தோம். அப்போதுதான் அம்மா அந்தப் பேச்சை மறுபடி எடுத்தாள். "மாத்தல் அவதான் வாங்கணும்னு எவன் சொன்னான்? நான்தான் சொன்னேன். தப்பு. நீயும் கவர்மென்ட் ஆளுதானே. நீ கேளு."

அருணா, ஒன்பது வருடமாக ஊர் முழுக்க உள்ளவர்களின் மாறுதல் மனுவுக்குச் சீல் வைத்தவன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

இன்று போளூர் தாலுகா ஆபீஸுக்கு மாறுதல் கேட்டு மனு கொடுத்துவிட்டேன். அங்கிருந்து உங்கள் அடிவாரம் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பிப்ரவரிக்குள் கிடைக்கும் என்றார் சூப்பிரண்டென்ட்.

மணிவேல்


தேன்கல்மலை
9.12.2025

அன்புள்ள மணிக்கு,

நான்காம் தேதி காலை என் ஜீப்பும் உங்கள் பஸ்ஸும் போளூருக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும். நான் தூங்கிவிட்டேன்.

தீபத்தன்று என்னை ஆசிரமத்துக்குப் பின்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். மலை ஏற யாருக்கும் அனுமதி இல்லை, வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். காலையிலிருந்து கெஞ்சினார்கள், சண்டை போட்டார்கள், ஒருவர் சாபம்கூடக் கொடுத்தார். ஆறு மணிக்கு ஊரே ஒரே குரலில் அரோகரா என்றது, உடம்பு சிலிர்த்தது. நான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன், திரும்பினால் யாராவது உள்ளே ஓடிவிடுவார்கள். கூட்டத்தின் முகங்களில்தான் தீபத்தைப் பார்த்தேன். நீங்கள் என் இடத்தில் நின்று நன்றாகப் பார்த்தீர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

ஏழு மணிக்கு உங்கள் அப்பா அந்த ஜனத்தில் நீந்தி வந்தார், கையில் சாப்பாட்டுக் கேரியரோடு. "அவ இல்லாம நானே செஞ்சது, உப்பு பாத்துக்க" என்றார். புளிசாதம். உப்பு அதிகம்தான். சாப்பிட்டுக்கொண்டே மாறுதல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் அதிரவே இல்லை. "தலையாட்டினப்போ நீ தரையைப் பாத்தம்மா. அப்பவே தெரியும். ரெண்டு பேரும் பெரியவங்க, பேசி முடிவு பண்ணுங்கனு விட்டுட்டேன்" என்றார்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மூன்று தடவை படித்தேன். போளூர் வரும் இடத்தில் எழுந்து முகாமைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து மறுபடி படித்தேன். வேடியப்பன் அண்ணன், "என்னம்மா, கரடியா?" என்று கேட்டார்.

அடிவாரத்தில் பூட்டிக் கிடக்கிற எங்கள் குவார்ட்டர்ஸைத் திறந்து பார்த்தேன். இரண்டு அறை. ஓடு மாற்ற வேண்டும், ஜன்னலில் அணில் குடும்பம் இருக்கிறது. நான் தினமும் அங்கிருந்தே மலைக்குப் போய்வரலாம், நீங்கள் போளூருக்கு. அத்தையை அழைத்து வந்து காட்டுங்கள், சமையலறை எந்தப் பக்கம் என்று அவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் "நீ" என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் அம்பு வரும் வரியில். தெரிந்து எழுதினீர்களா, கை தவறியா என்று தெரியவில்லை. அடித்துத் திருத்தாமல் விட்டதற்கு நன்றி.

அந்தப் பாதையில் நான் நூறு தடவைக்கு மேல் நடந்துவிட்டேன். வெட்டுவதற்கு, அளப்பதற்கு, அம்பு போடுவதற்கு. நீ அம்மாவோடு நடந்தாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று இன்னும் நடக்கவில்லை. வரும் ஞாயிறு, 14ஆம் தேதி, எனக்கு லீவு கிடைத்திருக்கிறது. அன்றைக்குச் சோதனை நடையும் இல்லை.

முதல் பஸ் ஏழேகாலுக்கு அடிவாரம் வரும். நிறுத்தத்தில் நிற்பேன். யூனிபார்மில் தேடாதே, பச்சைச் சுடிதார்.

அருணா